தலைகீழ் முத்திரை

எதிர்வீட்டுத் தையல்காரர் கடிதத்தை நீட்டியபோது பதினேழம்மா வாசற்படியில் உட்கார்ந்து பேத்தியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். “எதிர்லயே ஒருத்தன் மெஷின் போட்டு உக்காந்திருக்கேன், நீங்களே தைச்சுக்கிட்டா நான் எங்கக்கா போறது?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். கார் கம்பெனியிலிருந்து தபால். இரண்டு பக்கம், பொடி எழுத்து. பம்ப் கிம்ப் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறது, அந்தத் தொழிற்சாலையிலேயே இத்தனை வருடம் இருந்த அக்காவுக்குப் புரியாதா என்று கொண்டுவந்திருந்தார்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். உங்கள் வண்டியின் எரிபொருள் பம்பில் குறை இருக்கக்கூடும். பம்புக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் நாளடைவில் பெட்ரோலைக் குடித்து வீங்கலாம். வீங்கினால் சுற்றாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடலாம். ஜூலை பத்தாம் தேதிக்குப் பிறகு செய்த சக்கரங்கள் உள்ள வண்டிகளுக்கெல்லாம் பம்பை இலவசமாக மாற்றித் தருகிறோம், உடனே கொண்டு வாருங்கள்.

தேதியைப் படித்ததும் அவள் குரல் நின்றுபோனது. எழுத்துப் பொடியாக இருப்பதால் தடுமாறுகிறாள் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார். இலவசம் என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. சீசன் வேலை முடிந்ததும் போய் மாற்றிக்கொள்வதாகச் சொல்லிக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து போனார்.

பதினேழம்மா ஊசியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். அவர்கள் வீட்டு வாசலில் நிற்பதும் அதே ரக வண்டிதான். நான்கு வருடத்துக்கு முன் மகள் வாங்கியது.

பதினேழு என்பது அவள் முத்திரையின் எண். தொழிற்சாலையில் தரம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ரப்பர் முத்திரை உண்டு. அவளுக்கு வந்தது பதினேழு. சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ பதினேழம்மா என்று கூப்பிடப்போக, பத்தொன்பது வருடமும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற கணவர்கூட வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார், கோபம் வந்தால் ‘அம்மா’வை விட்டுவிட்டு வெறும் பதினேழு.

தொழிற்சாலையில் அச்சு இயந்திரங்கள் நாளெல்லாம் சின்னச் சக்கரங்களைத் துப்பிக்கொண்டே இருக்கும். கோட்டுப் பொத்தான் அளவு, விளிம்பைச் சுற்றிப் பல். பம்புக்குள் சுற்றி, தொட்டியிலிருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுவது அதுதான். ஒரு தட்டுக்கு அறுபது சக்கரம். சக்கரத்துக்குத் தரம் பார்க்க அவள் ஒருத்திதான். அவள் தட்டுக்கு ஐந்தை எடுத்து, எஃகில் செய்த கேஜில் நுழைத்துப் பார்ப்பாள். ஒரு துளையில் போக வேண்டும், பக்கத்துத் துளையில் போகக்கூடாது. சரியாக இருந்தால் தட்டோடு கட்டிய அட்டையில் முத்திரை. அட்டை பதிவறைக்குப் போய்விடும், சக்கரம் பம்புக்குள் போய்விடும்.

கேஜை எடுக்கும்முன் அவள் இன்னொன்றும் செய்வாள். அதை யாரும் சொல்லித் தரவில்லை, எந்தப் படிவத்திலும் அதற்கு இடமில்லை. பத்துச் சக்கரத்தை அள்ளி உள்ளங்கையில் வைத்து ஒரு கணம் நிற்பாள். அந்தக் கனம் அவள் கைக்குத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு ஜூன் மாதத்தில், அந்தக் கனம் குறைந்தது. காரணம் பெரிய ரகசியமில்லை. அச்சுக்குள் எட்டு நொடி ஆற வேண்டிய சக்கரத்தை ஐந்து நொடியில் வெளியே தள்ளச் சொல்லியிருந்தார்கள். மூன்று நொடி மிச்சம் பிடித்தால் ஒரு நாளைக்கு எத்தனை தட்டு கூடும் என்று மேலே உட்கார்ந்திருந்த யாரோ கணக்குப் போட்டிருந்தார். அவருக்கு அந்தச் சக்கரத்தைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அவசரமாகப் பிறந்த பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும்.

அவள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் அல்ல. குழந்தைக்குப் பால்புட்டி வாங்கப் போகிற அவசரத்தில் இருப்பவர் மாதிரி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பவர். கேஜில் ஏறுகிறதா என்று கேட்டார். ஏறுகிறது என்றாள்.

“அப்புறம் என்னம்மா? எடைக்கு இந்த ஃபாரத்துல கட்டம் எங்க இருக்கு? இல்லாத கட்டத்துல நான் என்னத்தைக் கொண்டு போய் எழுதறது?”

கட்டம் இல்லைதான். அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் செய்த காரியத்தை, அங்கே அத்தனை வருடம் உட்கார்ந்திருந்த ஒருத்தியால்தான் செய்ய முடியும். முத்திரையைத் தலைகீழாக வைத்தாள்.

யாராவது பார்ப்பார்கள், ஏன் இப்படி என்று கேட்பார்கள், கேட்டால் சொல்லலாம் என்பது அவள் எண்ணம். அடுத்த அறையில் பம்ப் பூட்டுகிறவர்கள் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை கோட்டு போட்டு வரும் தணிக்கைக்காரர் பார்ப்பார். வேலையை விட்டு எழுந்து நின்று கத்துவதைவிட இது அவளுக்குச் சுலபமாக இருந்தது. மேலே இருப்பவன் காதில் விழாத அளவுக்கு முணுமுணுத்துவிட்டு, சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு எத்தனை தலைமுறையாக இருக்கிறது. அவளுக்கும் இருந்தது. யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் அட்டையைப் பார்த்துவிட்டு, பதினேழம்மாவுக்குக் கண்ணாடி மாற்றும் வயசாகிவிட்டது என்று சிரித்தாள்.

ஜூலை பத்தாம் தேதி அந்த ஐந்து நொடி பதிவேட்டில் முறைப்படி ஏறியது. அதுவரை எல்லாம் வாய்வார்த்தை, சோதனை ஓட்டம். பதிவேட்டில் ஏறிய அன்று அவள் முத்திரையை நேராக்கிக்கொண்டாள். மேலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், இனி அது அவர்கள் பாடு என்று நினைத்தாள். இரண்டு வருடம் கழித்து ஓய்வுபெற்றபோது, குறையே இல்லாத சேவைக்கு என்று ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது இப்போதும் கூடத்தில் ஓடுகிறது.

ஆக, கடிதத்தில் இருந்த தேதி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சக்கரம் எப்போது கெட்டது என்று அவர்கள் தேடவில்லை. காகிதம் எப்போது எழுதப்பட்டது என்று பார்த்து, அங்கிருந்து எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய நான்கு வாரத்துச் சக்கரங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன.

மகள் வேலையிலிருந்து வந்ததும் தையல்காரருக்கு வந்த கடிதத்தைப் பற்றி அவளிடம் சொன்னாள். சக்கரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மகள் போனில் வண்டியின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். ‘உங்கள் வாகனம் இந்தத் திரும்ப அழைப்பில் இல்லை’ என்று பச்சை நிறத்தில் பதில் வந்தது.

“நம்ம வண்டி பொழைச்சதும்மா,” என்றாள் மகள்.

பதினேழம்மாவுக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மகளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மருமகன் கப்பலில், வருடத்தில் பாதி நாள் தண்ணீரில். அதனால் மகளும் மூன்று வயதுப் பேத்தியும் இவர்களோடு இருந்தார்கள். தினமும் காலை ஆறரைக்கு மகள் பேத்தியைப் பின்சீட்டில் கட்டி உட்கார வைத்து, பாலத்தைத் தாண்டி, குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். பாலம் இரண்டு கிலோமீட்டர் நீளம். ஓரத்தில் ஒதுங்க இடமே கிடையாது. இரும்புக் கம்பி, அதற்கு அப்பால் தண்ணீர். அந்த நேரத்தில்தான் கல் ஏற்றிய லாரிகளும் வரும்.

அடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சுவர்க்கடிகாரம் எதிரியாகிவிட்டது. ஆறு நாற்பத்தைந்து என்றால் பாலத்தின் தொடக்கம். ஆறு ஐம்பது என்றால் நடுப்பாலம். ஏழாகியும் மகளின் போன் வராவிட்டால் கண்டக்டரின் தேநீர் அடுப்பிலேயே பொங்கி வழியும். இன்று வண்டி உடனே கிளம்பியதா, இழுத்துக் கிளம்பியதா என்று மாலையில் விசாரிப்பாள். காலையில் கொஞ்சம் இருமுகிறது என்று ஒருநாள் மகள் சாதாரணமாகச் சொன்னாள். அன்று பதினேழம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் வண்டிச் சாவி காணாமல் போனது. வீடே தலைகீழானது. இருபது நிமிடம் தேடியபிறகு பேத்திதான் பொத்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே சாவி.

“இதை யாரு இங்க வெச்சது?” என்றாள் மகள்.

“பதினேழாத்தான் இருக்கும்,” என்றார் கண்டக்டர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. “பொத்தானுக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியாத வயசு வந்தாச்சு. சீக்கிரம் என்னையும் எடுத்து டப்பாக்குள்ள போட்டு மூடிருவா.”

அவள் சிரிக்கவில்லை. தானும் கூட வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. சக்கரம் நின்றால் கையால் சுற்றிவிடவா முடியும்?

நடுப்பாலத்தில் அது நடந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த ஒரு கை சட்டென்று விலகிய மாதிரி இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, இன்ஜின் மட்டும் இல்லை. மகள் பெடலை மிதித்தாள், மறுபடி மிதித்தாள். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வண்டி மெல்ல மெல்ல வேகம் இழந்து பாதை நடுவில் நின்றது.

“வண்டி தூங்கிடுச்சா?” என்றாள் பேத்தி.

பதினேழம்மா திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடி முழுக்க லாரியின் முகம். ஹாரன் அவள் எலும்புக்குள் கேட்டது. கண்ணை மூடக்கூட நேரமில்லை. பிரேக் கதறியது, ரப்பர் தீய்ந்த வாடை வந்தது, பிறகு எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்கவில்லை என்பது புரிய அவளுக்குச் சற்று நேரமானது. லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுகூட இடமில்லை.

லாரிக்காரர் வசவோடுதான் இறங்கி வந்தார். பின்சீட்டில் குழந்தையைப் பார்த்ததும் பாதி வசவை விழுங்கிவிட்டு, பேத்தியைத் தூக்கிக் கம்பி ஓரத்து நடைபாதையில் அம்மாச்சியின் கையில் கொடுத்தார். தன் லாரியையே மறிப்பாக நிறுத்திவைத்து, பின்னால் வந்தவர்களின் வசவையும் தானே வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து வண்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி, கிளம்பியது. அதுதான் பதினேழம்மாவை எல்லாவற்றையும்விட நடுங்க வைத்தது.

அங்கிருந்து நேரே சர்வீஸ் கூடத்துக்குப் போனார்கள். கண்ணாடி அறை, குளிர்ந்த காற்று, மேசைக்குப் பின்னால் நல்ல சட்டை போட்ட ஓர் ஊழியர். கம்ப்யூட்டரை வண்டியில் சொருகிப் பார்த்தார். குறை எதுவும் காட்டவில்லை. பட்டியலைப் பார்த்தார். வண்டி அதில் இல்லை. பட்டியலில் இல்லாத வண்டியின் பம்பைக் கழற்ற அவருக்கு அனுமதியும் இல்லை. நடுப்பாலத்தில் நின்றது என்று மகள் சொன்னதற்கு, பெட்ரோல் மட்டமான இடத்தில் போட்டிருப்பீர்கள் என்றார்.

“உள்ள இருக்கற சக்கரம் வீங்கியிருக்கும்,” என்றாள் பதினேழம்மா.

“அது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

பதில் தொண்டை வரை வந்தது. அந்தச் சக்கரத்துக்கு முத்திரை வைத்தவள் நான் என்று சொன்னால் போதும். சுவர்க்கடிகாரம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். “டிவில சொன்னாங்க,” என்றாள்.

ஊழியர் மரியாதையாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மகள் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். ஐந்து நொடி, கையில் குறைந்த கனம், இல்லாத கட்டம், தலைகீழ் முத்திரை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கண்டக்டர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். மகளின் கை பேத்தியின் வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது.

“இதை நான் வண்டி வாங்கும்போது ஏம்மா சொல்லலை?”

“மறந்துட்டேன்னு நெனைச்சேன்டி. மறக்கலை போல.”

மகள் எழுந்துபோய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்து அவள் கேட்டது அம்மா எதிர்பார்த்த கேள்வி அல்ல.

“எத்தனைம்மா? மொத்தம் எத்தனை சக்கரம்?”

ஒரு நாளைக்கு முப்பது தட்டு, தட்டுக்கு அறுபது, நான்கு வாரத்தில் இருபத்துமூன்று வேலைநாள். நாற்பத்தோராயிரம் சொச்சம். ஒரு வண்டிக்கு ஒரு சக்கரம். இந்தக் கணக்கை அவள் அதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை. இப்போது அந்த எண் கூடத்தின் நடுவில் ஓர் ஆள் போல நின்றது. நாற்பத்தோராயிரம் பின்சீட்டுகள். ஒவ்வொருவரும் எண்ணைப் போட்டுப் பார்த்து, பச்சை நிறத்தில் பதில் வாங்கி, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நேரம் சரியில்லாததால் நடுவழியில் நின்றோம், கடவுள் புண்ணியத்தில் தப்பித்தோம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். லாரிக்காரரின் பிரேக் நன்றாக இருந்ததால் தப்பித்தார்கள். நின்றது தலையில் எழுதியிருந்ததால் அல்ல, தாளில் எழுதாமல் விட்டதால்.

மறுநாள் அவள் தொழிற்சாலைக்குப் போனாள். பழைய சூப்பர்வைசர் இப்போது மேலாளர். கதவு வைத்த அறை, ஓட்டம் நின்று உடம்பு போட்டிருந்தது. அவளை உட்காரச் சொல்லி நலம் விசாரித்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து கதவைச் சாத்தினார். நாற்பதாயிரம் வண்டியைக் கூப்பிடுவது அவர் கையில் இல்லை என்றார். தேதியை மேலே முடிவு செய்துவிட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்க பொண்ணு வண்டியை மட்டும் வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்லுங்கம்மா. புது பம்ப் போட்டுத் தந்துடறேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிடலாம்.”

அவளுக்கு உடம்பு முழுவதும் ஓர் ஆறுதல் பரவியது. அதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு நாளில் பேத்தி பயமில்லாமல் பாலத்தைத் தாண்டிவிடுவாள். சரி என்று சொல்ல வாயெடுத்தவள், பழக்கதோஷத்தில், வேலை விஷயமாக ஒரு கேள்வி கேட்டாள்.

“கழட்டற பம்பை எங்ககிட்டயே குடுத்துடுவீங்களா சார்?”

“அதெப்படிம்மா, அது கம்பெனி சொத்து. இங்கேயே உடைச்சிடுவோம்.”

அவள் எழுந்துகொண்டாள். ஜூன் மாதத்துச் சக்கரம் கெட்டது என்பதற்கு இந்த ஊரில் அவள் கைக்கு எட்டக்கூடிய ஒரே சாட்சி மகளின் வண்டிக்குள் இருந்தது. அதை இவரிடம் ஒப்படைத்துவிட்டால், பிறகு மிஞ்சுவது ஒரு கிழவியின் உள்ளங்கை. அதை யார் நம்புவார்கள்? யோசித்துச் சொல்கிறேன் என்றாள். “பதினேழம்மா, முத்திரை உங்களோடது. அதை ஞாபகம் வெச்சுக்குங்க,” என்றார் மேலாளர். மிரட்டுகிற மாதிரி இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். வீடு வரும்வரை அது அவள் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை கண்டக்டரும் மகளும் பக்கத்தில் உட்கார, அவள் வாகனப் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். பதிவறையில் இருக்கும் அட்டைகளில் பதினேழாம் எண் முத்திரை எந்த நாளில் தலைகீழாகிறது என்று பாருங்கள், சக்கரம் கெட்டது ஜூலையில் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு நாள் பதில் இல்லை. வண்டி வாசலில் அசையாமல் நின்றது. மகளும் பேத்தியும் பஸ்ஸில் போனார்கள். பதினேழம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. சர்வீஸ் கூடத்திலிருந்து, சிறப்புப் பராமரிப்பு, உங்களுக்கு மட்டும், என்று மூன்று முறை போன் வந்தது. நேரில் போனபோது பட்டியலில் இல்லாத வண்டிக்கு அனுமதி இல்லை என்று சொன்ன அதே குரல்.

எட்டாம் நாள் இழுவை வண்டியே வந்துவிட்டது. இரண்டு பேர் இறங்கிக் கொக்கியை எடுத்தார்கள். கண்டக்டர் பனியனோடு வெளியே போய்க் காரின் முன்னால் நின்றார்.

“ஆர்டர் எங்க?”

வாய்மொழி உத்தரவு என்றார்கள்.

“முப்பது வருஷம் நான் டிக்கெட் இல்லாம ஒருத்தனையும் ஏத்தினதில்லை. காகிதம் இல்லாம இந்தக் கொக்கியும் ஏறாது. ஏறணும்னா என்மேல ஏறட்டும்.”

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். தெரு கூடியது. கொக்கி திரும்பிப் போனது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கண்டக்டர், தெரு முழுக்கப் பார்க்கப் பனியனோடு நின்றதை நினைத்துச் சட்டையைத் தேடினார்.

பன்னிரண்டாம் நாள் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி, அதிகம் பேசாதவர். அவளையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைப் பதிவறைக்குப் போனார். மேலாளரும் உடன் இருந்தார். நான்கு வருடத் தூசு. கட்டைப் பிரித்து அட்டைகளைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். ஜூலை எட்டு, தலைகீழ். ஜூலை ஒன்று, தலைகீழ். ஜூன் பதினெட்டு, தலைகீழ். ஜூன் பதினேழில் முத்திரை நேராக நின்றது.

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஏன் தலைகீழா வெச்சீங்க?”

அவள் சொன்னாள். அதிகாரி ஜூன் பதினெட்டு என்று குறித்துக்கொண்டார். பேனா தாளில் ஓடுவதைப் பார்த்தபோது, எல்லாம் முடிந்தது என்று அவளுக்கு மூச்சு வந்தது.

முடியவில்லை. மகளின் வண்டியைத் தொழிற்சாலை முற்றத்துக்குக் கொண்டுவந்து, அதிகாரி முன்னிலையில் பின்சீட்டைத் தூக்கிப் பம்பைக் கழற்றினார்கள். பம்பின் கழுத்தில் சக்கரத்தின் தட்டு எண்ணும் தேதியும் பொறித்திருந்தது. மேலாளர் குனிந்து படித்தார். ஜூன் பதினைந்து. அவர் முகம் தெளிந்தது. அந்த நாளின் அட்டையை எடுத்துவரச் சொல்லி அதிகாரியிடம் காட்டினார். முத்திரை அழகாக, நேராக இருந்தது.

“பாருங்க மேடம், இது சரியான சக்கரம்னு இந்தம்மாவே சீல் வெச்சிருக்காங்க. இதுல எந்தக் குறையும் அவங்க பாக்கலை.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பேத்தியின் பின்சீட்டைப் பார்த்தாள். தூக்கி நிறுத்தியிருந்த அதன் அடியில் ஒரு பிஸ்கட் துண்டு கிடந்தது. நான்கு வருடமாக யாருக்கும் சொல்லாதது, தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளாதது, இப்போது அவளிடம் மட்டும்தான் இருந்தது. அதற்கு அட்டை கிடையாது. அவள் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தலைகீழ் முத்திரைக்காரி என்று கொஞ்சம் பெருமைகூட மிஞ்சும்.

“பாத்தேன்,” என்றாள். “பதினாலாம் தேதியே கையில கனம் கொறைஞ்சுது. தலைகீழா வெக்கறதுக்கே எனக்கு நாலு நாள் தைரியம் வரலை. அந்த நாலு நாள் தெரிஞ்சேதான் நேரா வெச்சேன்.”

அவள் குரல் மிகச் சின்னதாக இருந்தது. எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தினார். பிறகு பம்பைப் பிரிக்கச் சொன்னார். சக்கரம் உள்ளே இறுகிக் கிடந்தது, விரலால் தள்ளினால் சுற்றவில்லை. இடுக்கியால் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்கள். பெட்ரோல் குடித்து ஊதியிருந்தது. அவளுடைய பழைய மேசையிலிருந்தே கேஜைக் கொண்டுவந்தார்கள். போக வேண்டிய துளையில் சக்கரம் போகவில்லை. அவள் இன்னொரு முறை முயன்று பார்த்தாள், இது போய்விட வேண்டும் என்று விரும்புகிறவள் மாதிரி. போகவில்லை.

அதிகாரி பதினெட்டை அடித்துவிட்டுப் பதினான்கு என்று எழுதினார். இதற்கு உங்கள் பேரிலும் விசாரணை வரலாம் என்றார். சரி என்றாள் பதினேழம்மா.

புதுப் பட்டியல் வர இன்னும் மூன்று வாரமாகும். நாற்பத்தோராயிரம் கடிதம் அச்சாகி, உறையில் போட்டு, வீடு வீடாகப் போக வேண்டும். அந்த மூன்று வாரத்தில் எத்தனை பாலம், எத்தனை லாரி என்று கணக்குப் போடாமல் இருக்க அவளால் முடியவில்லை. மகள் வண்டிக்குப் புது பம்ப் வந்துவிட்டது. ஆனாலும் காலை ஆறு ஐம்பதுக்கு அவள் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

ஒருநாள் முற்பகல் தெருவைக் கடந்து தையல் கடைக்குப் போனாள். தையல்காரரின் வண்டி வெளியே நின்றிருந்தது. தூசு படிந்த பின்கண்ணாடியில் யாரோ விரலால் ஒரு முகம் வரைந்திருந்தார்கள்.

“தம்பி, பம்ப் மாத்திட்டீங்களா?”

இன்னும் இல்லையாம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கடிதம் எங்கே என்று கேட்டாள். அவர் மேசையில் தேடி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். கடிதம் அதன் அடியில் இருந்தது. நடுவில் பழுப்பாகக் கருகியிருந்தாலும் போன் நம்பர் தெரிந்தது.

“இப்போ போடுங்க.”

“போடறேன்க்கா, இந்தக் காலரை மட்டும் முடிச்சிட்டு...”

அவள் வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி அறையில் தொண்டையோடு நின்றுபோன சொல் இப்போது தடங்கலில்லாமல் வந்தது.

“தம்பி, உங்க வண்டிக்குள்ள இருக்கற சக்கரத்துக்குச் சீல் வெச்சது நான்தான். கெட்டதுன்னு தெரிஞ்சே வெச்சேன்.”

தையல்காரர் அவளைப் பார்த்தார். மெஷின் நின்றது. அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கருகிய தாளை வெளிச்சத்தில் பிடித்து, எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினார். மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. யாராவது எடுக்கும்வரை அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.